அம்மாவுக்குச் சிறுநீரும் மலமும் சேர்ந்தே கசிகிறது: ஒரே பிரச்சினையா, இரண்டா?

தென்றல் (கேள்வி):

அம்மாவுக்கு வயது 68. மூன்றும் சுகப்பிரசவம், கடைசிப் பிரசவத்தில் பின்பக்கம் வரை கிழிந்து தையல் போட்டார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 8 ஆண்டுகளாக, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 2 ஆண்டுகளாக எடுக்கிறார்.

இருமினால், தும்மினால் நாலு சொட்டு போவது பல வருடமாக உண்டு. ஒரு வருடமாக அவசரமும் சேர்ந்துகொண்டது. "வருது" என்று எழுந்தால் பாத்ரூம் கதவைத் தொடுவதற்குள் போய்விடுகிறது. இரவில் மூன்று முறையாவது எழுந்திருக்கிறார். நான்கு மாதம் முன்பு சாலிஃபெனாசின் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். அவசரம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் வாய் உலர்ந்துபோகிறது, மலம் நான்கைந்து நாளைக்கு ஒருமுறை கல் மாதிரி வந்தது. போன மாதத்திலிருந்து அது தலைகீழாகி, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை தண்ணீராக உள்ளாடையில் படிகிறது. போவதே அவருக்குத் தெரிவதில்லை. பேதி என்று நினைத்து ஒரு வாரமாக லோபெரமைட் கொடுக்கிறோம். நிற்கவில்லை, வயிறுதான் உப்பிக்கொண்டு வருகிறது.

இது ஒரே நோயா, இரண்டு நோயா? எந்த மருத்துவரிடம் முதலில் போவது, என்ன பரிசோதனை கேட்பது? கெகல் பயிற்சி (இடுப்புத்தளத் தசையைச் சுருக்கிப் பழகுவது) இந்த வயதில் பலன் தருமா? தோலும் சிவந்து எரிகிறது என்கிறார். அதைவிடக் கஷ்டம், இதைப் பற்றி வாய் திறக்கவே கூசுகிறார்.

வெளிநோயாளிப்பிரிவு (பதில்):

முதலில் லோபெரமைடை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் எழுதிய வரிசையைப் பார்த்தால் இது பேதி போலத் தெரியவில்லை. மலச்சிக்கல் முற்றி, அதன் பக்கவாட்டில் வழிகிற கசிவாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

நடப்பது இதுதான். சாலிஃபெனாசின் சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தும். அதே வேலையைக் குடலிலும் செய்யும். குடல் மெதுவானால் மலத்திலிருக்கும் தண்ணீர் மேலும் உறிஞ்சப்பட்டு, கெட்டியான உருண்டையாக மலக்குடலை அடைத்துக்கொள்கிறது. மலக்குடல் எப்போதும் விரிந்தே இருந்தால் ஆசனவாயை மூடிவைக்கும் உள் சுருக்குத்தசை தானாகத் தளர்ந்துவிடும்; நாளடைவில் நிறைந்திருக்கும் உணர்வும் மங்கும். மேலே புதிதாக வரும் இளகிய மலம் அந்த உருண்டையைச் சுற்றி வழிந்து, சொல்லாமல் வெளியேறும். அதனால்தான் அம்மாவுக்குத் தெரிவதில்லை. இதற்கு லோபெரமைட் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும், வயிறு உப்பும். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு அடுத்த மாத்திரை என்று போய்விட்டது. வீடுகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு இது, உங்கள் அக்கறைக்குறைவு இல்லை.

ஒரே நோயா என்று கேட்டீர்கள். நிறைந்த மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. அவசரம் கூடும், சிறுநீர் முழுதாக வெளியேறாமல் மிச்சமும் நிற்கும். இரண்டு உறுப்புகளையும் தாங்குவது ஒரே இடுப்புத்தளத் தசை, இரண்டுக்கும் நரம்பு வருவதும் தண்டுவடத்தின் அதே அடிப்பகுதியிலிருந்துதான். ஆகவே குடலைச் சரிசெய்யாமல் சிறுநீருக்கு மட்டும் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் பொது மருத்துவர்தான். அவர் செய்ய வேண்டிய முதல் பரிசோதனைக்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை: கையுறை போட்ட விரலால் ஆசனவாய்க்குள் பார்ப்பது. ஒரு நிமிடத்தில் முடியும். மலம் அடைத்திருக்கிறதா, சுருக்குத்தசைக்குப் பிடிப்பு இருக்கிறதா, பழைய தையலில் பள்ளம் தெரிகிறதா என்று மூன்றும் தெரிந்துவிடும். செய்யவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். உருண்டை இன்னும் மேலே இருந்தால் விரலுக்குத் தட்டாது. அப்போது வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் உதவும். கூடவே சிறுநீர்ப் பரிசோதனை (தொற்று, ரத்தம், சர்க்கரை), 3 மாதச் சராசரி சர்க்கரை, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலை அறிய), தைராய்டு, கால்சியம். கடைசி இரண்டும் மலச்சிக்கலுக்குக் காரணம் தேட. அப்புறம் ஒரு ஸ்கேன்: சிறுநீர் கழித்த கையோடு, பத்து நிமிடத்துக்குள், சிறுநீர்ப்பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. அரை மணி நேரம் வரிசையில் உட்காரவைத்து எடுத்தால் அளவு பொய்யாக ஏறிவிடும். 50 முதல் 100 மி.லி. வரை பெரும்பாலும் கவலையில்லை. 200-ஐத் தாண்டினால் பை காலியாவதில் கோளாறு, அந்த நிலையில் சாலிஃபெனாசின் போன்ற மருந்து இன்னும் தேக்கிவிடும்.

அடைப்பு உறுதியானால் வழக்கமாகத் தருவது மலத்தை இளக்கும் மேக்ரோகால் பொடி. ஒரு பொட்டலத்தை 125 மி.லி. தண்ணீரில் கரைக்க வேண்டும். பராமரிப்புக்கு நாளைக்கு ஒன்றிலிருந்து மூன்று. அடைப்பைக் கரைக்க நாளைக்கு எட்டு, அதை ஆறு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் மூன்று நாள். இதய பலவீனம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. குடல் அடைபட்டு வாந்தியோடு வலி இருந்தால் தொடவே கூடாது. அதனால்தான் பரிசோதிக்காமல் வீட்டில் ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன். உருண்டை மிகக் கெட்டியாக இருந்தால் முதலில் எனிமா வைப்பார்கள். முதல் இரண்டு நாள் கசிவு குறையாமல் கூடும். இங்கேதான் பலர் "மருந்து ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். கெட்டி மலம் நிறைய வந்து, பிறகு இளகி, பிறகு அடங்கும் வரை விடக்கூடாது. இசப்கோல் போன்ற நார்ச்சத்து இப்போது வேண்டாம். அடைத்திருக்கும் இடத்தில் அது பருமனைத்தான் கூட்டும்.

சாலிஃபெனாசினைத் தொடர்வதா என்று அதே சந்திப்பில் கேளுங்கள். நிறுத்துவதானால் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லாத மருந்துதான்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, இரு கால்களிலும் வலியோ பலவீனமோ, புதிதாகச் சிறுநீர் வராமல் நின்றுபோவது: முதுகெலும்புக்குள் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், இரவு என்றாலும். சிறுநீரில் ரத்தம், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றுக்கும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். 68 வயதில் மலம் போகும் முறை மாறியிருக்கிறது என்பதே பெருங்குடலை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்கப் போதுமான காரணம்.

இடுப்புத்தளம் (பதில்):

மருத்துவர் சந்திப்புக்கு முன்னால் மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு எழுதிவிடுங்கள். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். ஒவ்வொரு முறையும் நேரம், எத்தனை மி.லி., அவசரம் இருந்ததா, கசிந்ததா. குடித்தது என்ன, எவ்வளவு, எப்போது. தூங்கப்போன நேரமும் எழுந்த நேரமும் கட்டாயம். மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. "அடிக்கடி போறாங்க" என்று வாயால் சொல்வதைவிட இந்தத் தாள் பத்து மடங்கு பேசும். மலத்துக்கும் ஒரு வரி சேருங்கள். பிரிஸ்டல் அட்டவணை என்று 1 முதல் 7 வரை படங்களோடு இருக்கும்: 1 என்றால் தனித்தனிக் கொட்டைகள், 7 என்றால் முழுத் தண்ணீர். வாய்விட்டு விவரிக்கக் கூசுகிற அம்மா, படத்தைக் காட்டினால் எண்ணைச் சொல்லிவிடுவார்.

கெகல் பற்றி. 68-க்கும் பலிக்கும், 80-க்கும் பலிக்கும். ஆனால் சரியான தசை சுருங்கினால்தான். 1948-இல் ஆர்னால்ட் கெகல் இதை எழுதியபோது, அழுத்தம் காட்டும் கருவியை உள்ளே வைத்து, சுருக்கும்போது முள் ஏறுவதைப் பெண்கள் தாங்களே பார்க்கும்படி செய்தார். பயிற்சி உலகம் முழுக்கப் பரவியது, அளந்து பார்க்கும் பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அதனால்தான் "ஆறு மாசமா செய்றேன், ஒண்ணும் ஆகல" என்கிற குறை.

சுருக்க வேண்டிய முறை: காற்று பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயை உள்ளே இழுத்து, அந்த இழுப்பை அப்படியே முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, மேலே தூக்க வேண்டும். படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள பகுதி உள்ளே போனால் சரி. வெளியே பிதுங்கினால் முக்குகிறார் என்று பொருள். அப்படிச் செய்யச் செய்யக் கசிவு மோசமாகும். மற்ற தவறுகள்: மூச்சைப் பிடிப்பது, பிட்டத்தை இறுக்குவது, தொடைகளை ஒட்டுவது. செய்யும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ண முடிந்தால் மூச்சு ஓடுகிறது.

அளவு: எட்டு முறை சுருக்குவது ஒரு சுற்று, நாளைக்கு மூன்று சுற்று. முதலில் மூன்று விநாடி பிடிக்க முடிந்தாலே போதும், வாரக்கணக்கில் பத்து விநாடிக்கு ஏற்றலாம். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் தளரவும் விட வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சட்சட்டென்று ஐந்தாறு வேகச் சுருக்கம். மூன்று மாதம் முடியும் முன் பலன் இல்லை என்று தீர்மானிக்காதீர்கள். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக்க வேண்டாம், பை காலியாகும் இயல்பு அதனால் கெடும். இடுப்புக்குள் வலி, முக்கினாலும் வராத மலம் என்று தசை ஏற்கெனவே இறுகிப்போனவர்களுக்கு இந்தப் பயிற்சி எதிர்விளைவு தரும். அவர்களுக்குத் தளர்த்தத்தான் கற்றுத்தர வேண்டும். இடுப்புத்தளத்தில் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் ஒருமுறை விரல் வைத்துப் பார்த்துச் சொல்வது மாதக்கணக்கான வீண் உழைப்பை மிச்சப்படுத்தும்.

பயிற்சியின் பயன் நேரத்துக்குப் பயன்படுத்துவதில் இருக்கிறது. தும்மல் வருகிறது என்று தெரிந்த அந்த அரை விநாடியில், தும்மும் முன்பே சுருக்கிக்கொள்ள வேண்டும். நாற்காலியிலிருந்து எழும் முன்பும், கனமானதைத் தூக்கும் முன்பும் அப்படியே.

அவசரத்துக்கு வேறு உத்தி. "வருது" என்றதும் ஓடுவதுதான் கசிவுக்குப் பாதிக் காரணம். நின்ற இடத்தில் நிற்க வேண்டும், முடிந்தால் உட்கார வேண்டும். ஐந்தாறு வேகச் சுருக்கம். இடுப்புத்தளத் தசை சுருங்கும்போது சிறுநீர்ப்பையின் தசை அனிச்சையாகத் தளரும், நரம்பிலேயே அமைந்த ஏற்பாடு அது. அலை ஏறி இறங்க அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும். இறங்கிய பிறகு நடந்து போகச் சொல்லுங்கள். இது கைவந்ததும் இடைவெளியை நீட்டலாம்: இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போகிறார் என்றால் ஒரு வாரம் ஒன்றேகால் மணி, அடுத்த வாரம் ஒன்றரை. மூன்று மணி நேரம் வந்தால் போதும். குறைந்தது ஆறு வாரம் ஆகும். எதற்கும் இருக்கட்டும் என்று வராதபோதே போய்வரும் வழக்கத்தை விட வேண்டும்.

மலத்துக்கு: சாப்பிட்டு 20-30 நிமிடத்தில் பெருங்குடல் தானாக அசையும், காலை உணவுக்குப் பின் அது வலுவாக இருக்கும். தினமும் அந்த நேரத்தில் கழிப்பறையில் பத்து நிமிடம் உட்காரட்டும். மேற்கத்திய இருக்கை என்றால் காலடியில் சிறு முக்காலி வைத்து முழங்கால் இடுப்பைவிட உயரமாக, முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி. இந்த நிலையில் மலக்குடலின் வளைவு நேராகிறது. வயிற்றைப் பெரிதாக்கி மூச்சு விட வேண்டும், முக்கக் கூடாது.

தென்றல்:

மிக்க நன்றி. மருத்துவர் விரலால் பார்த்தார்; மலம் இறுகிப்போய் அடைத்திருந்தது. மேக்ரோகால் மூன்று நாள் கொடுத்தோம், நீங்கள் சொன்னபடியே இரண்டு நாள் கூடி, பிறகு தண்ணீராகக் கசிவது நின்றது. சாலிஃபெனாசினை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். சிறுநீர் மிச்சம் முதல் நாள் 180 மி.லி., பத்து நாள் கழித்து 60. தொற்று இல்லை, சர்க்கரை கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது.

சிறுநீர்க் குறிப்பு மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. பகலில் 9 தடவை, ஒவ்வொன்றும் சுமார் 110 மி.லி. இரவில் 3 தடவை, ஒவ்வொன்றும் 280. காலை எழுந்ததும் 310. கசிந்துவிடும் என்ற பயத்தில் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை, மாலை வீட்டோடு இருக்கும் நேரத்தில்தான் மொத்தமாகக் குடிக்கிறார். கணுக்கால் மாலையில் வீங்குகிறது. இரவு எழுவதைக் குறைக்க வேறு மாத்திரை கேட்கலாமா?

வெளிநோயாளிப்பிரிவு:

இந்த எண்களைக் கூட்டிப் பார்ப்போம். பகல் 990. இரவு மூன்றும் 840, அதோடு காலை முதல் சிறுநீர் 310. அது இரவில் உற்பத்தியானது, இரவுக் கணக்கில்தான் சேர வேண்டும். ஆக 1150. மொத்தம் 2140-இல் பாதிக்கு மேல் இரவில் வருகிறது. வயதானவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே இரவு உற்பத்தி அதிகம் என்று கொள்வோம்.

இரண்டு செய்திகள் இதில் இருக்கின்றன. பை 300 மி.லி. தாங்குகிறது; அளவு சுருங்கிப்போன பை இல்லை. பகலில் 110-க்கே ஓடுவது அவசர உணர்வும் பழக்கமும் சேர்ந்து செய்வது, அதற்கு மேலே சொன்ன பயிற்சி பொருந்தும். இரவில் எழுவதற்கோ பை காரணமே இல்லை. சிறுநீரகம் இரவில் அதிகம் தயாரிக்கிறது. பையைத் தளர்த்தும் எந்த மாத்திரையும் அதைக் குறைக்காது.

வீங்கிய கணுக்காலைக் கவனியுங்கள். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீரகத்துக்குப் போகிறது. அம்லோடிபின் கணுக்கால் வீக்கம் தரும் மருந்து என்பது தெரிந்ததே. மாற்றலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்றும்போது ஒரு விஷயத்தை நினைவூட்டுங்கள்: "ப்ரில்" என்று முடியும் ரத்த அழுத்த மருந்துகள் சிலருக்கு வறட்டு இருமல் கொடுக்கும், இருமினால் கசிகிறவருக்கு அது சரிவராது. வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், ஈரல் காரணமில்லை என்பதையும் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். பலத்த குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் பாருங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும் இரவுச் சிறுநீரைக் கூட்டும்.

வீட்டில் செய்யக்கூடியது: பிற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் காலை இதய மட்டத்துக்கு உயர்த்திப் படுப்பது. அப்போது அந்த நீர் படுக்கைக்கு முன்பே வெளியேறிவிடும். குடிப்பதை முன்னால் தள்ளுவது: நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், பெரும்பகுதி மாலைக்குள், படுக்கப்போகும் முன் இரண்டு மூன்று மணி நேரம் வாயை நனைப்பதோடு சரி. பகலில் குடிக்காமல் இருப்பது கசிவைத் தடுக்காது. சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், மலமும் மறுபடி இறுகும். காபி, டீயை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், வாரத்துக்கு ஒரு கோப்பை வீதம் படிப்படியாகக் குறைக்கட்டும்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, காலில் தட்டும் விரிப்பு எதுவும் இல்லாத வழி. இரவு அவசரத்தில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வது கசிவைவிடப் பெரிய ஆபத்து. தூரமாக இருந்தால் கட்டிலருகே கமோடு நாற்காலி.

வார்டுசெவிலி (பதில்):

தோல் விஷயம் யாரும் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரும் மலமும் சேர்ந்து படும்போது தோல் வேகமாகப் புண்ணாகும். சிறுநீர் சிதைந்து அம்மோனியா வந்து காரத்தன்மை ஏற, மலத்திலுள்ள செரிமான நொதிகள் அதில் வீரியம் பெற்றுத் தோலையே அரிக்கின்றன. சாதாரண சோப்பும் காரம்தான், அது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றும் வேலை. வெதுவெதுப்பான தண்ணீர், அல்லது சோப்பில்லாத மென்மையான கழுவும் திரவம். முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும், மடிப்புகளில் ஈரம் நிற்கக் கூடாது. பிறகு துத்தநாக ஆக்சைடோ டைமெத்திகோனோ உள்ள பாதுகாப்புக் களிம்பு, மெல்லிய படலமாக. தோலின் நிறம் அடியில் தெரிய வேண்டும். வெள்ளையாக அப்பினால் அது பேடில் ஒட்டி உறிஞ்சும் பரப்பை அடைத்துவிடும், ஈரம் தோலிலேயே நிற்கும். அடுத்த முறை பழைய களிம்பைச் சுரண்டி எடுக்க வேண்டாம்; அழுக்கான மேற்படலத்தை மட்டும் துடைத்து மேலே பூசினால் போதும். பவுடர் போடாதீர்கள், ஈரத்தில் கட்டிபட்டு உரசும்.

சிவப்பு பளபளவென்று, ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகளாகப் பரவி அரித்தால் அது பூஞ்சைத் தொற்று. களிம்பு மட்டும் ஆற்றாது, பூஞ்சைக்கான மருந்து வேண்டும்.

பேடு: மாதவிடாய் நாப்கின் ரத்தத்துக்கானது, சட்டென்று பாயும் சிறுநீரைப் பிடிக்காது. சிறுநீருக்கான பேடில் திரவத்தைக் கூழாக்கிப் பிடித்துவைக்கும் துகள்கள் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வைப்பதில் பயனில்லை. மேலுள்ளதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளைத் தாண்டி எதுவும் இறங்காது. எந்த அளவு வாங்குவது என்று தெரியாவிட்டால் எடை போடுங்கள். உலர்ந்த பேடின் எடையை நனைந்த பேடின் எடையிலிருந்து கழித்தால், ஒரு கிராம் ஒரு மி.லி. அந்தக் கணக்கை மருத்துவரிடமும் கொடுங்கள், மருந்து வேலை செய்கிறதா என்று பின்னால் ஒப்பிட உதவும். மலம் பட்ட பேடை "இன்னும் நிறையலையே" என்று விட்டுவைக்கக் கூடாது. கழற்ற எளிதான இலாஸ்டிக் உடை போட்டாலே பாதிக் கசிவு கழிப்பறை வாசலில் தவிர்க்கப்படும். வசதிக்காகக் கதீட்டர் (சிறுநீரை வெளியே எடுக்கும் குழாய்) போடச் சொல்லிக் கேட்காதீர்கள். தொற்று கூடவே வரும். சிறுநீர் வெளியேறவே இல்லை, தோல் புண் ஆற வழியில்லை போன்ற நிலைகளுக்குத்தான் அது.

கூச்சம் பற்றி. "கசியுதா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் இல்லை என்பார்கள். "பாத்ரூம் போறதுக்குள்ள அவசரப்பட வேண்டியிருக்கா? துணி மாத்த வேண்டியிருக்கா?" என்று கேளுங்கள். மற்றவர்கள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். டயப்பர் என்ற சொல்லை அவர் முன்னால் தவிர்த்துப் பேடு என்றே சொல்லுங்கள்.

கரையோரம்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்து 2 மாதம். இதே பயிற்சிதானா?

இடுப்புத்தளம்:

அதே தசைதான், சொல்லித்தரும் விதம் வேறு. விரைகளை மேலே தூக்குவது போல, ஆண்குறியின் அடியை உள்ளே இழுப்பது போல. நின்று கண்ணாடியில் பார்த்தால் குறி சற்று உள்வாங்குவது தெரியும். 2 மாதத்தில் கசிவது எதிர்பார்க்கக்கூடியதே. முதல் ஆண்டு முழுக்க முன்னேற்றம் வந்துகொண்டிருக்கும். ஓராண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தும் பேடு நனைந்துகொண்டே இருந்தால் சிறுநீர்க் குழாயைத் தாங்கும் பட்டை, அதை மூடித் திறக்கும் செயற்கைச் சுருக்குக் கருவி என்று அறுவை வழிகள் உண்டு. சிறுநீர் முடிந்து உடுத்திய பிறகு சொட்டுகிறது என்றால் அது வேறு. குழாயின் வளைவில் தங்கிய மிச்சம். விரைப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து, முன்னோக்கி மேலாக மெதுவாக வழித்துவிட்டால் வந்துவிடும்.

தென்றல்:

கடைசியாக ஒன்று. பயிற்சிக்குப் பிறகும் அவசரம் தொடர்ந்தால் சாலிஃபெனாசினுக்கே திரும்ப வேண்டுமா? மலக் கசிவு மறுபடி வந்தால்?

வெளிநோயாளிப்பிரிவு:

திரும்ப வேண்டியதில்லை. மிராபெக்ரான் வேறு வழியில் பையைத் தளர்த்துவது. வாய் உலர்வும் மலச்சிக்கலும் அதில் குறைவு. ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும் என்பதால் தொடங்கும் முன்பும் பிறகும் அளக்க வேண்டும், கட்டுப்படாத உயர் அழுத்தத்தில் கூடாது. பலன் தெரிய நான்கு வாரமாவது கொடுங்கள். சாலிஃபெனாசின் வகை மருந்துகள் முதியவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் கூட்டலாம் என்பதால் இந்த வயதில் கை தயங்குவது நல்லதே. மாதவிடாய் நின்றபின் பிறப்புறுப்புத் தோல் மெலிந்து உலர்வதும் அவசரத்தைத் தூண்டும். அதற்கு உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு, முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இருமுறை. மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இவை போதாதபோது கணுக்கால் நரம்பை ஊசிவழித் தூண்டுவது (வாரம் ஒருமுறை அரை மணி நேரம், 12 வாரம்), பைச் சுவரில் தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி 100 யூனிட் என்று சிறுநீரியல் நிபுணர் மேலே கொண்டுபோவார். போட்டாக்ஸ் சில மாதங்களே நிற்கும். சிலருக்குச் சிறுநீர் தேங்கி, தாங்களே குழாய் விட்டு எடுக்க நேரும். அதற்குச் சம்மதமா என்று முன்பே பேசிவிட வேண்டும். இருமல் கசிவு மட்டும் மிஞ்சினால் அதற்கான அறுவையே தனி, இந்த மாத்திரைகள் அதற்கு உதவாது.

மலத்துக்கு, மேக்ரோகாலைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். பிரிஸ்டல் அட்டவணையில் 3 அல்லது 4 என்று மலம் வரும் அளவைக் கண்டுபிடித்து அதிலேயே சில மாதம் வையுங்கள். இரண்டு நாள் மலம் வராவிட்டால் ஒரு பொட்டலம் கூட்டுங்கள், 6 ஆகிவிட்டால் ஒன்று குறையுங்கள். குடல் காலியாக இருக்கிறது என்று விரல் பரிசோதனையில் தெரிந்தும் இளகியே போனால் மெட்ஃபார்மினைக் கவனிக்க வேண்டும், அது சிலருக்கு மலத்தை இளக்கும். அதிலேயே மெதுவாகக் கரையும் வகை சிலருக்கு ஒத்துக்கொள்ளும். காலியான குடல், சரியான பதத்தில் மலம், அப்படியும் கசிவு என்றால் பழைய பிரசவக் கிழிசலைச் சந்தேகிக்க வேண்டும். ஆசனவாய்க்குள் வைத்து எடுக்கும் ஸ்கேனில் சுருக்குத்தசை வளையம் எந்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். அதைப் பெருங்குடல் அறுவை நிபுணர் பார்ப்பார். கடைசிப் பிரசவத்தில் தையல் போட்டதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள், நாற்பது வருடம் முந்தைய தையலைப் பற்றி அவர் கேட்காமல் விட்டுவிடலாம்.